தோட்டத்துக்குள் நரி வராமல் இருக்க: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அன்னூர், சூலூர், பல்லடம், காங்கேயம் பக்கங்களில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ வாங்கி, அதில் வீடு கட்டிக் குடிவருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நாலு கொய்யா, ஒரு சப்போட்டா, காய்கறிப் பாத்தி, கொஞ்சம் சிறுவிடைக் கோழி என்று ஆசையாகத் தொடங்குகிறார்கள். ஒருநாள் விடிந்து பார்த்தால் கோழி குறைகிறது, அல்லது நட்ட நாற்றைச் சுற்றி யாரோ தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நரிங்க. வந்தா வந்துட்டுப் போகுது, நீங்க கோழியை ஒழுங்கா அடைச்சீங்களா?" என்று கேட்பார். அவர் கேட்பதுதான் சரியான கேள்வி.

நரியை ஊரைவிட்டே விரட்ட வேண்டியதில்லை. விரட்டவும் முடியாது, சட்டமும் இடம் தராது. உங்கள் கோழி அடையும் இடம், பாத்தி, பழமரத்தடி ஆகிய மூன்றும் அதற்கு எட்டாதபடி செய்தால் போதும். வேலிக்கு வெளியே அது எலி பிடித்துக்கொண்டு இருக்கட்டும். கடலைக்காய்க் காட்டிலும் தென்னந்தோப்பிலும் எலி செய்கிற சேதத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வந்தது நரிதானா?

முதல் வேலை இதுதான். பலர் இதைச் செய்யாமலே கம்பிவேலிக்குக் காசைக் கொட்டுகிறார்கள்.

கொங்குச் சமவெளியில் இரண்டு விலங்குகளை நரி என்கிறோம். ஒன்று குள்ளநரி. நடுத்தரமான நாட்டு நாயைவிடக் கொஞ்சம் சிறியது, ஏழிலிருந்து பதினோரு கிலோ வரை இருக்கும். பொழுது சாய்ந்ததும் கரடு என்கிற சிறு குன்றுகள் பக்கம் கூட்டமாக ஊளையிடுவது இதுதான். இன்னொன்று வங்கா நரி. பூனையைவிடச் சற்றே பெரியது, மூன்று கிலோ வந்தாலே அதிகம். மெலிந்த கால், பெரிய காது, புசுபுசுவென்ற வால், வால் நுனியில் கறுப்பு. இது பெரும்பாலும் எலி, வெட்டுக்கிளி, கறையான், வண்டு, நண்டு, இலந்தைப்பழம் என்று தின்று காலத்தை ஓட்டுகிற பிராணி. கோழிக்குஞ்சு கிடைத்தால் விடாது என்றாலும் வளர்ந்த ஆட்டையெல்லாம் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

வேலியில் எந்தச் சந்து வழியாக வருகிறது என்று சந்தேகப்படுகிறீர்களோ, அங்கே சாயங்காலம் சலித்த மண்ணையோ அடுப்புச் சாம்பலையோ ஒரு முறம் பரப்பி வையுங்கள். காலையில் தடம் பதிந்திருக்கும். நரித்தடத்தில் நான்கு விரல், நக நுனிகள் தெரியும், வடிவம் நீளவாக்கில் ஒடுங்கியிருக்கும். தடங்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் போகும். நாயின் தடமும் நான்கு விரல்தான், ஆனால் அகன்று பரந்திருக்கும், அங்கும் இங்கும் அலைந்த மாதிரி போகும். பூனைத்தடத்தில் நகம் தெரியாது. கீரிக்கு ஐந்து விரல். நரிப்புழுக்கை பெரும்பாலும் கல் மேலோ புல் முட்டின் மேலோ, கண்ணில் படுகிற இடத்தில் கிடக்கும். குச்சியால் கிளறினால் எலி மயிர், வண்டின் ஓடு, இலந்தைக் கொட்டை எல்லாம் தெரியும். கையால் தொட வேண்டாம்.

கோழி போன விதமும் சொல்லும். நரி பெரும்பாலும் கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடும், வேலிவரை இறகு சிதறிக் கிடக்கும். கழுத்துக் கடிபட்ட கோழிகள் அங்கேயே கிடந்தால் கீரி, மரநாய், காட்டுப்பூனை என்று யோசிக்க வேண்டும். பாத்தியில் தக்காளியைக் கொத்திவிட்டு நாற்றைப் பிடுங்கிப் போட்டிருந்தால் அது மயில். நிலத்தையே உழுதுபோட்ட மாதிரி இருந்தால் காட்டுப்பன்றி.

பல ஆடுகளோ கோழிகளோ கடிபட்டுத் தின்னப்படாமல் கிடந்தால், முதலில் தெருநாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை பக்கத்தில் சில ஆண்டுகளாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றவை தெருநாய்க் கூட்டங்கள்தான். விவசாயிகள் இழப்பீடு கேட்டுச் சாலையில் உட்கார்ந்ததும் அதற்காகத்தான். நாய் செய்ததற்கு நரியைப் பழி சொன்னால் நாய் மறுநாளும் வரும்.

எது இழுக்கிறது என்று பாருங்கள்

நரி சும்மா சுற்றிப் பார்க்க வருவதில்லை. மணம் பிடித்து வருகிறது. அந்த மணத்தை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பாதிக்குச் செலவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கோழி அறுத்த குடலையும் இறகையும் வேலியோரம் வீசுவதுதான் முதல் அழைப்பு. கறிக்கோழிப் பண்ணை அருகில் இருந்தால் செத்த கோழி எங்கே போகிறது என்று பாருங்கள். அவற்றைப் பள்ளத்திலும், இரு வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரிப் பாதையிலும் வீசுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே பழகிய நரியும் நாயும் அடுத்து உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பண்ணைக்காரரிடம் நேரில் போய் மரியாதையாகச் சொல்லுங்கள்: மூன்றடிக்குக் குறையாமல் குழி எடுத்து, சுண்ணாம்பு தூவி, மண் போட்டு மிதித்து மூடினால் யாருக்கும் தொல்லையில்லை. உங்கள் வீட்டுக் கழிவுக்கும் இதே வழிதான்.

இயற்கை விவசாயம் செய்ய வருகிறவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்துச் செய்கிற மீன் அமிலம், எலும்புத்தூள், கருவாட்டுத்தூள் இவையெல்லாம் செடிக்கு நல்லவை. நரியின் மூக்குக்கோ அவை உணவு. மீன் அமிலத்தை வேரில் ஊற்றிய அன்றிரவே பாத்தி தோண்டப்பட்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எலும்புத்தூளை மேலாகத் தூவாமல் அடியில் இட்டு மண்ணால் மூடுங்கள். மீன் அமிலத்தை நன்றாகத் தண்ணீரில் கலந்து, பகலில் கொடுத்து, மேலே இலைதழையால் மூடாக்குப் போடுங்கள். அமிலம் ஊறுகிற டிரம்முக்கு இறுகிய மூடி வேண்டும். உரக்குழியில் மீன் கழிவு போடவே வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் குழியைச் சுற்றி வலை கட்டுங்கள்.

பழம் உதிர்கிற காலத்தில் சாயங்காலமே பொறுக்கிவிட வேண்டும். கொய்யா, சப்போட்டா, நாவல், பப்பாளி எல்லாவற்றையும் நரி தின்னும். முலாம்பழமும் தர்பூசணியும் போட்டால் பழுக்கிற வாரத்தில் கட்டாயம் வரும். கரும்பையும் மக்காச்சோளத்தையும் குள்ளநரி கடித்துப் பார்க்கும். நாய்க்கு வைத்த சோறு இரவு முழுக்க வெளியே கிடக்கக் கூடாது. மாட்டுத்தீவன மூட்டை இருக்கிற அறையில் எலி இருந்தால் அதைத் தேடியும் வரும். அதனால் தீவனத்தை மூடியுள்ள டிரம்மில் கொட்டி வைப்பது நல்லது.

கோடையில் நரி சொட்டுநீர்க் குழாயைக் கடித்து வைத்தால் அது தண்ணீருக்காக. பங்குனி, சித்திரையில் ஓடையும் பள்ளமும் வற்றிப்போகும், குழாய்க்குள் தண்ணீர் இருப்பது அதற்குத் தெரியும். வேலிக்கு வெளியே, வீட்டிலிருந்து தள்ளி ஒரு சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஆழமில்லாத தொட்டியாக இருக்கட்டும், உள்ளே ஒரு கல் கிடக்கட்டும். தாகம் தீர்ந்தால் குழாயைக் கடிக்கிற வேலை குறையும். மயிலும் காடையும் கூட அங்கே குடிக்கும்.

கோழியை அடைப்பது

வேலிக்கு முன்னால் இதைச் சொல்கிறேன். கையில் காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் கூட்டுக்குத்தான் முதலில் செலவழிக்க வேண்டும். ஒரு ஏக்கரைச் சுற்றி வளைப்பதைவிடப் பத்தடிக் கூட்டைப் பத்திரமாகக் கட்டுவது எளிது.

கொடாப்பு என்கிற கவிழ்ப்புக் கூடைக்குள் குஞ்சுகளை மூடி, மேலே கல் வைப்பது நம் பழக்கம். பகலில் பருந்துக்கும் காக்கைக்கும் அது போதும். இரவுக்குப் போதாது. குள்ளநரி கொடாப்பைத் தலையால் முட்டித் தள்ளிவிடும். இரவில் அடைய நிலையான கூடு வேண்டும்.

தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில், கருங்கல் தூண் மேலோ ஹாலோ பிளாக் சுவர் மேலோ கூடு அமைவது நல்லது. தரையோடு கட்டினால் அடியில் கான்கிரீட்டோ பலகைக்கல்லோ போட வேண்டும். வெறும் மண்தரையாக விட்டால் சுவருக்கு அடியில் தோண்டி வந்துவிடும். பக்கங்களுக்கு வெல்டு மெஷ் வலை, அரை அங்குலக் கண் உள்ளதாக வாங்குங்கள். கோழிவலை என்று கடையில் தருகிற அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்கும், நரியை வெளியே வைக்காது. குள்ளநரி அதைப் பல்லால் பிய்த்துவிடும். வலையை மரச்சட்டத்தின் வெளிப்பக்கம் வைத்து ஆணியும் பட்டையும் போட்டு அடியுங்கள். உள்பக்கம் அடித்தால் வெளியிலிருந்து தள்ளத் தள்ள ஆணி கழன்றுவிடும்.

கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, தாழ்ப்பாள் வேண்டும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடம் இருந்தாலே கீரியும் நுழைந்துவிடும்.

அப்புறம் நேரம். பொழுது இறங்குகிற வேளையும் விடிகிற வேளையும்தான் நரி நடமாடும் பொழுதுகள். கோழி தானாகக் கூட்டுக்கு வந்ததும், இருட்டும் முன்பே எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துங்கள். காலையில் சேவல் கூப்பிட்டுவிட்டது என்று அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம், நன்றாக வெளிச்சம் வந்து மனித நடமாட்டம் தொடங்கட்டும். கோழிகளை மரத்தில் அடைய விடுகிறவர்கள், இறங்குகிற நேரத்தில்தான் அவற்றை இழக்கிறார்கள். அடைகாக்கிற கோழி வைக்கோல் போரடியில் தானாகக் கூடு வைத்துக்கொண்டால், முட்டையோடு சேர்த்து ராத்திரியில் உள்ளே மாற்றிவிடுங்கள்.

வேலி

முள்கம்பி நரியைத் தடுக்காது. ஐந்து வரிசை கட்டினாலும் அடியில் படுத்து நுழைந்துவிடும். டைமண்ட் வலை என்று சொல்கிற செயின்லிங்க் வேலிதான் வேண்டும், இரண்டு அங்குலக் கண், ஐந்தடிக்குக் குறையாத உயரம். குள்ளநரி நல்ல தாண்டுக்காரன் என்பதால் மேலே ஓரடிக்கு வெளிப்பக்கம் சாய்த்து ஒன்றிரண்டு வரிசைக் கம்பி இழுத்தால் இன்னும் நல்லது.

ஆனால் நரி பெரும்பாலும் மேலே ஏறாது, கீழே தோண்டும். இங்கேதான் வேலி கட்டுகிறவர்கள் தவறவிடுகிறார்கள். வலையைத் தரைமட்டத்தோடு முடிக்காமல், இன்னும் ஒன்றரை அடி விட்டு, அதை வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் படுக்க வையுங்கள். மேலே இரண்டு அங்குல மண்ணோ கல்லோ போட்டு மூடிவிடுங்கள். நரி வேலியின் காலடியில் வந்து தோண்டும்போது கம்பிவலை நகத்தில் தட்டும். ஒன்றரை அடி பின்னால் தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது. ஏற்கெனவே கட்டிய வேலி என்றால், இரண்டடி அகலத்தில் தனி வலைத்துண்டு வாங்கி, அடியில் கம்பியால் தைத்து இதேபோல் படுக்க வைத்துவிடலாம். பாறை நிலமாக இருந்தால் அடியில் கல் வரிசை ஒன்று கட்டினால் முடிந்தது.

கேட்டின் அடியைக் கட்டாயம் பாருங்கள். வேலி லட்ச ரூபாய்க்குக் கட்டியிருப்பார்கள், கேட்டுக்குக் கீழே அரை அடி இடைவெளி இருக்கும். வங்கா நரிக்கு நான்கு அங்குலம் போதும். கேட்டுக்கு அடியில் கான்கிரீட் பட்டை ஒன்று போட்டு, இடைவெளியை இரண்டு அங்குலத்துக்குள் கொண்டுவாருங்கள். மழைநீர் வெளியேறுகிற குழாய், வாய்க்கால் வாய் இவற்றுக்கும் கம்பிச் சல்லடை வேண்டும்.

கிளுவை என்கிற முள்மரத்தை நட்டு வளர்த்த வேலி உள்ள நிலம் வாங்கியிருந்தால் தயவுசெய்து பிடுங்கிவிடாதீர்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களைத் தலைமுறைகளாகக் காத்து நிற்பது இந்த உயிர்வேலிதான். அடியில் சந்து விழுந்த இடங்களில் மழை பிடிக்கும் முன் புதுக் கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) நெருக்கமாக நட்டுவிடுங்கள். அவை தழைக்கும்வரை இலந்தை முள்ளையோ சீமைக்கருவேல முள்ளையோ வெட்டி அடைத்து வையுங்கள், அடிப்பக்கம் நெருக்கமாக. காய்கறிப் பாத்திக்கும் கூட்டுக்கும் மட்டும் உள்ளே ஒரு சின்ன வலைவேலி போட்டால், வெளியே கிளுவை, உள்ளே வலை என்று இரண்டு காவல் ஆகிவிடும். செலவும் முழு நிலத்துக்கும் வலை அடிப்பதில் நாலில் ஒரு பங்குகூட வராது. என்னைக் கேட்டால் கொங்கு நாட்டுத் தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

மின்சாரம், விஷம், அவுட்டுக்காய்: மூன்றும் வேண்டாம்

வீட்டு லைனிலிருந்து நேராக வேலிக்கு மின்சாரம் கொடுப்பது குற்றம், கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப் போட்ட கம்பியில் மூன்று யானைகள் செத்தன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் இதே மாதிரிக் கம்பிகளில் செத்திருக்கிறார்கள். பேட்டரியில் விட்டு விட்டு அதிர்வு தருகிற சோலார் வேலி வேறு. அதற்கும் 2023-ல் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறையிடம் கேட்காமல் போட வேண்டாம். வெறும் நரிக்காக என்றால் அது தேவையும் இல்லை.

செத்த கோழியில் குருணைப் பூச்சிமருந்தைத் தடவி வைத்தால் நரி மட்டும் சாகாது. உங்கள் நாய், பக்கத்துத் தோட்டத்து நாய், காக்கை, மயில், ஆந்தை எல்லாம் சாகும். விளையாடுகிற பிள்ளை தொட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தீனிக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய் அதைவிடக் கொடியது. மேய்கிற மாடு அதைக் கடித்து வாய் சிதறிப்போகும். சுருக்குக் கம்பியும் இதே கணக்குதான்.

நரிகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்தச் சட்டம் கொல்வதை மட்டும் தடுக்கவில்லை, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பிடிப்பது எல்லாமே வேட்டைதான் என்கிறது. சேலம் மாவட்டம் வாழப்பாடி பக்கத்தில் பொங்கலுக்கு வங்கா நரியைப் பிடித்து ஊருக்குள் ஓடவிடுகிற வழக்கம் இருந்தது. நரி முகத்தில் விழித்தால் நல்லது என்ற நம்பிக்கை. வனத்துறை அதற்கும் தடை போட்டு, மீறியவர்களுக்கு அபராதம் விதித்திருக்கிறது. நரிக்கொம்பு என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். நரிக்குக் கொம்பு கிடையாது, அதன் பேரில்தான் நரிகள் கொல்லப்படுகின்றன.

விளக்கு, வாசனை, நாய்

மினுக்குகிற விளக்கு, ஆள் நடந்தால் எரிகிற சோலார் விளக்கு, ரேடியோ இவையெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும். நரி பழகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி வைத்தால் பலன் கொஞ்சம் நீளும். பழம் பழுக்கிற இரண்டு வாரத்துக்கோ வேலி கட்டி முடியும் வரைக்கோ இவற்றை வைத்துச் சமாளிக்கலாம். அந்துருண்டை, மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய்த் துணி இவற்றில் எனக்கு நம்பிக்கையில்லை, ஒரு மழை பெய்தால் போய்விடும். அந்துருண்டை மண்ணுக்கும் நல்லதல்ல.

நாய் நல்ல காவல். அதைத் தெருவில் அலைய விடாமல், இரவில் வேலிக்குள் வைத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசியும் டிஸ்டெம்பர் தடுப்பூசியும் போடுங்கள். நாயிடமிருந்து நரிக்கும் நரியிடமிருந்து நாய்க்கும் இந்த இரண்டு நோய்களும் தொற்றும்.

உங்கள் நிலத்திலேயே வளை இருந்தால்

வரப்பிலோ கல்குமியிலோ வளை தெரிந்தால் உடனே அடைக்காதீர்கள். தை முதல் சித்திரை வரை குட்டி இருக்கிற காலம். அந்தப் பருவத்தில் அடைத்தால் குட்டிகள் உள்ளே செத்துப்போகும், தாய் இரவெல்லாம் அங்கேயே சுற்றும். இரண்டு மூன்று மாதம் பொறுங்கள், அதுவரை கோழிகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், நாயைக் கட்டி வையுங்கள். குட்டிகள் வளர்ந்து கிளம்பியபின், வளைவாயில் காய்ந்த குச்சிகளைக் குறுக்காக நட்டுச் சில நாள் பாருங்கள். குச்சி அசையவில்லை என்றால் யாரும் இல்லை, மண் போட்டு மூடிக்கொள்ளலாம்.

இட்டேரிகள் அகலப்படுத்தப்பட்டு, கொறங்காடுகள் சைட்டாகப் பிரிந்து, கரடுகள் கல்குவாரியாகி வருகிற காலம் இது. நரிக்குப் போக இடம் குறைந்துகொண்டே வருகிறது. நரி குறைந்ததால்தான் மயில் பெருகிவிட்டது என்று இங்குள்ள விவசாயிகள் பலர் சொல்வார்கள். தரையில் மயில் இடுகிற முட்டையை நரி தேடித் தின்னும் என்பது உண்மைதான். நிலத்தின் ஒரு மூலையில் கொஞ்சம் புதரை விட்டுவைக்க இடமிருந்தால் விட்டுவையுங்கள்.

ஆபத்தான வேளைகள்

பட்டப்பகலில், ஆளைக் கண்டும் பயமில்லாமல், தள்ளாடியபடியோ வாயில் நுரையோடோ நரி வந்தால் கிட்டப் போக வேண்டாம். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கடித்தாலோ நகம் பட்டாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

நம் பக்கத்துக் கிணறுகள் ஆழம், பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. இரவில் நரி உள்ளே விழுவது உண்டு. கயிறு கட்டி நீங்களே இறங்காதீர்கள், பயந்த நரி கடிக்கும். தண்ணீரில் தத்தளித்தால் கயிற்றில் ஒரு கூடையையோ பலகையையோ கட்டி இறக்குங்கள், பிடித்து ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு 101-க்கோ 112-க்கோ அழைத்துத் தீயணைப்பு மீட்புத் துறைக்குச் சொல்லுங்கள், வனத்துறைக்கும் தகவல் கொடுங்கள். அவர்கள் வரும்வரை ஊர்க்கூட்டத்தைக் கிணற்றைவிட்டு எட்ட நிறுத்தி வைப்பது உங்கள் வேலை.